பன்னிரண்டு குளியலறையை அந்த வீடு தாங்காது

கேள்வி: புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் எங்கள் குடும்ப வீடு இருக்கிறது. கீழே திண்ணை, தாழ்வாரம், முற்றம். மாடியில் வளைவு வைத்த ஜன்னல்கள், பால்கனி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டியது, ஆண்டு தெரியாது. அம்மா போன பிறகு ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. நான் விழுப்புரத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அண்ணன் பிரான்சில், தங்கை சென்னையில். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்கிறார் ஒரு பில்டர். பன்னிரண்டு அறை எடுத்து ஹோட்டல் நடத்துகிறேன், நீண்ட குத்தகைக்குக் கொடுங்கள் என்கிறார் இன்னொருவர். தங்கைக்கு மியூசியமாக்க ஆசை. எதுவானாலும் சீக்கிரம் முடிவெடு என்கிறார் அண்ணன். மாடியில் ஓர் அறை ஒழுகிக் கூரைப் பூச்சு விழுந்திருக்கிறது. எங்களிடம் பெரிய பணம் இல்லை, விற்கவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அம்மா, வணக்கம்.

விற்க வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். அந்த வீடு தன் பராமரிப்புச் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ளும். அதற்கு அது ஹோட்டலாக வேண்டாம், மியூசியமாகவும் வேண்டாம். காரணத்தைக் கீழே விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன்னால், என்னவாக மாற்றுவது என்ற முடிவுக்குக் காத்திருக்க முடியாத ஒரு வேலை இருக்கிறது. இப்போது ஆடி நடக்கிறது. ஐப்பசி அடைமழைக்குள் அதை முடித்தாக வேண்டும்.

ஒழுகும் அறையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உதிர்ந்த பூச்சு எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கிழக்குச் சுவருக்குள் இரண்டாவது உத்திரம் நுழையும் இடத்தைப் பாருங்கள். மரத்தைச் சுற்றிக் கறுத்த வளையம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, ஒரு கோடு போல இறங்கியிருக்கிறது. என் கவலை அந்த இடத்தில்தான்.

உங்கள் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள். கட்டைகளின் மேல் அச்சுக்கல் எனும் மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் தட்டிக் கெட்டித்த தளம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. ஒழுங்காகக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் நூறு வருடத்தைச் சாதாரணமாகத் தாண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் புதுச்சேரியில் கொட்டியதே, அதையும் உங்கள் வீடு தாங்கி நின்றிருக்கிறது. எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தக் கூரைக்கு எதிரி, மொட்டைமாடியில் தேங்கி நிற்கும் தண்ணீர். பூட்டிய வீட்டில் மழைநீர் போகும் துவாரத்தைக் காய்ந்த இலையும் காக்கைக்கூடும் அடைத்துக்கொள்ளும். ஒரு மழைக்கு நாலு விரல் தண்ணீர் நிற்கும். அது தட்டோட்டின் இடுக்கு வழியாக இறங்கி, சுண்ணாம்புத் தளத்தில் ஊறி, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனையில் போய்ச் சேரும். உத்திரத்தின் நடுப்பகுதி அறைக்குள் காற்றில் இருப்பதால் காய்ந்துவிடும். முனை சுவருக்குள் இருப்பதால் காயாது. அங்கேதான் மக்கும், அங்கேதான் கரையானும் ஏறும். கீழிருந்து பார்த்தால் உத்திரம் கம்பீரமாக இருக்கும், ஆனால் சுவருக்குள் அதற்குப் பிடிமானமே இருக்காது.

மெரி கட்டடத்தை நீங்கள் சிறுவயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். கடற்கரையில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்த நகரமன்றம் பல காலம் பழுது பார்க்காமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் சரிந்தது. உலக வங்கிக் கடனுதவியில் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி, 2021-இல் திறந்தார்கள். அரசாங்கத்தால் அப்படித் திரும்பக் கட்ட முடிந்தது. உங்கள் குடும்பத்தால் முடியாது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்த மாதம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மொட்டைமாடியைப் பெருக்கி, துவாரங்களைக் குத்தி விட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்திருப்பது படத்தில் தெரிகிறது. அதை அரிவாளால் வெட்டினால் வரும் மழைக்கு இரண்டாகத் தழைக்கும். அந்த இடத்தில் நாலைந்து வரிச் செங்கல்லைக் கழற்றி, வேரை முழுக்க எடுத்து, சுண்ணாம்புச் சாந்து வைத்துத் திரும்பக் கட்டச் சொல்லுங்கள். கறுத்த உத்திரத்துக்குச் சவுக்குக் கட்டையோ இரும்பு ஜாக்கியோ கொண்டு முட்டுக் கொடுக்க வேண்டும். மேலேயும் கீழேயும் பலகை வைத்து, மாடித் தரைக்கு நேர் கீழே தரைத்தள அறையிலும் ஒரு முட்டு வர வேண்டும். இல்லையென்றால் பாரம் மாடித் தரையில் இறங்கிவிடும். ஒழுகும் பகுதிக்கு மேல் தார்ப்பாயைச் சரிவாகக் கட்டுங்கள், அடியில் காற்றுப் போக இடம் விட்டு. உத்திர முனையைச் சுற்றி ஓர் அடிக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கூரான திருப்புளியால் மரத்தைக் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் மெத்தென்று இறங்கினால் அந்த முனையை வெட்டி, புதுத் தேக்கை ஒட்டுப் போட வேண்டியிருக்கும். அது செய்யக்கூடிய வேலைதான். முழுக் கூரையையும் பிரிக்கத் தேவையில்லை.

மேஸ்திரிகள் இந்த இடத்தில் இரண்டு யோசனை சொல்வார்கள். மேலே இரண்டு அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போட்டுவிடலாம் என்பது ஒன்று, கெமிக்கல் கோட்டிங் அடிக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தலையாட்டாதீர்கள். கான்கிரீட் போட்டால், ஏற்கெனவே நொந்திருக்கும் மரத்தின் மேல் டன்கணக்கில் பாரம் ஏறும். கோட்டிங், உள்ளே ஊறியிருக்கும் ஈரத்தை வெளியே விடாது. சுண்ணாம்புக் கட்டடம் ஈரத்தை வாங்கும், வெயிலில் திரும்ப விடும். அந்த வழியை அடைத்தால் ஈரம் மரத்துக்குத்தான் போகும். சுவருக்கும் இதுவேதான். கீழ்ச்சுவரில் யாரோ சிமென்ட் பூச்சுப் பூசியிருப்பது உங்கள் நாலாவது படத்தில் தெரிகிறது. கடல் பக்கத்து ஊர், நிலத்தடியில் உப்பு. அந்தப் பூச்சுக்குப் பின்னால் செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருக்கும். அதைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைச் சும்மா காயவிடுங்கள். பூச்சு இல்லாமல் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

சரி, ஹோட்டலுக்கு வருவோம்.

ஹோட்டல் என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரியில் பழைய வீடுகள் பிழைத்ததில் ஹோட்டல்களுக்கும் பங்கு உண்டு. ரொமேன் ரோலன் வீதியின் ஓட்டல் தெ லோரியான், பெருமாள் கோயில் வீதியின் மேசோன் பெருமாள் இரண்டையும் உள்ளே போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். முற்றம் முற்றமாகவே இருக்கிறது, தூண் தூணாகவே இருக்கிறது. பொறுமையோடு செய்திருக்கிறார்கள்.

உங்களிடம் வந்தவர் பன்னிரண்டு அறை என்கிறார். நீங்கள் அனுப்பிய வரைபடத்தை வைத்துப் பார்த்தால், அந்த வீட்டில் அறை என்று சொல்லத்தக்கது கீழே மூன்று, மாடியில் நாலு. மீதியெல்லாம் கூடம், நடை, தாழ்வாரம். பன்னிரண்டு வர வேண்டுமானால் மாடிக் கூடத்தை மூன்றாக வெட்ட வேண்டும், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தை அடைக்க வேண்டும், மொட்டைமாடியில் இரண்டு அறை எழுப்ப வேண்டும். அதைக்கூடச் சகிக்கலாம், தடுப்பு வைத்தால் பிறகு எடுத்துவிடலாம். குளியலறை விஷயம் அப்படிக் கிடையாது. பன்னிரண்டு அறைக்குப் பன்னிரண்டு குளியலறை வேண்டும், அதில் ஏழெட்டு மாடியில் வரும். மாடித் தரையும் மரக்கட்டை மேல் நிற்பதுதான். அதில் குழாய்க்காகப் பள்ளம் எடுத்து, வாட்டர்புரூஃபிங் செய்து, டைல்ஸ் ஒட்டி, கழிவுக் குழாய்க்காகத் தரையைத் துளைத்து, சுவரைக் குடைந்து இறக்குவார்கள். தினமும் பத்திருபது பேர் குளிப்பார்கள். ஏதாவது ஒரு குழாய் இணைப்பு ஒரு நாள் கசியத்தான் செய்யும். கசிவது டைல்ஸுக்கு அடியில் என்பதால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. வெளியே தெரியும்போது உத்திரம் போயிருக்கும்.

அத்தனை பேருக்குத் தண்ணீர் வேண்டுமே. 5,000 லிட்டர் தொட்டி வைத்தால் அது 5 டன். அதை மெட்ராஸ் டெரஸ் மேல் ஏற்றுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏசி வெளிப்பெட்டிகள், ஜெனரேட்டர், தீயணைப்புக் குழாய், விருந்தினர் கேட்கும் லிஃப்ட் எல்லாம் அடுத்து வரும். குத்தகை முடிந்து அவர் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது, முகப்பு மட்டும் பழையதாக இருக்கும் ஒரு கட்டடம்.

எந்தப் பழைய வீட்டுக்கும் புதுப் பயன்பாடு தேடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: எவ்வளவு தண்ணீர் வீட்டுக்குள் வரும், எந்த இடத்துக்கு வரும்? குறைந்த தண்ணீர், பகலில் ஆள் நடமாட்டம், சுவரை வெட்டத் தேவையில்லாத வேலை. இந்த மூன்றும் பொருந்தினால் அந்தப் பயன்பாட்டை வீடு ஏற்றுக்கொள்ளும்.

இதற்கு ஆதாரம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே சாம்பலும் வெள்ளையுமாக வண்ணம் பூசிய அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்களைப் பாருங்கள். அச்சகம், சாப்பாட்டுக்கூடம், அலுவலகம் என்று பழைய வீடுகளையே அன்றாட வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நூறு வருடப் பழைய ஜன்னல் காலையில் திறக்கிறது, மாலையில் மூடுகிறது, கீல் துருப்பிடித்தால் அன்றைக்கே யாரோ கவனிக்கிறார்கள். பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் கடலோரத்துப் பழைய கட்டடத்தில் நூலகமும் ஆய்வுமாக இருக்கிறது. சென்னையில் டவ்டன் ஹவுஸ் நூறு வருடத்துக்கு மேலாகப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிடம் இருக்கிறது. அடையாற்றங்கரை பிராடி காசிலில் இசைக் கல்லூரி நடக்கிறது. அதே சென்னையில் எவ்வளவோ தோட்ட வீடுகள் காணாமல் போயின. இவை நிற்பதற்குக் காரணம், வீட்டின் அமைப்புக்குப் பொருந்திய ஒரு வேலை அவற்றுக்குக் கிடைத்ததுதான்.

தங்கையின் மியூசியம் ஆசை எனக்குப் புரிகிறது. அம்மாவின் பொருள்கள், தாத்தாவின் பிரெஞ்சுக் காகிதங்கள் எல்லாவற்றையும் அப்படியே வைக்கலாம் என்று நினைக்கிறார். ஆனால் மியூசியம் தன் செலவைத் தானே சம்பாதிப்பது மிகவும் அரிது. தரங்கம்பாடியில் ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க் வாழ்ந்த வீட்டை 2017-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள் என்றால், ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே அறக்கட்டளை அதற்குப் பின்னால் நின்றது. புதுச்சேரியில் பாரதியார் வீட்டுக்கும் பாரதிதாசன் வீட்டுக்கும் அரசு இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் உங்கள் ஓய்வூதியம்தான் இருக்கிறது. தங்கையிடம் முன்கூடத்தின் ஒரு சுவரைக் கொடுங்கள். புகைப்படங்கள், பத்திரங்களின் நகல், அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் அங்கே அழகாக இருக்கும், வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள்.

அப்படியென்றால் என் யோசனை என்ன? வீட்டை முழுசாக ஒருவருக்குக் கொடுக்காமல், அதன் அமைப்புப்படியே பிரித்துக் கொடுங்கள்.

உங்கள் தெருவின் பல வீடுகளைப் போல, இது கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. கீழ்த்தளம் வருகிறவர்களை உட்கார வைக்கவே கட்டியது. தெருத் தாழ்வாரமும் திண்ணையும் முன்னறையும் ஒரு சின்னக் கடைக்கு அப்படியே பொருந்தும். கைத்தறி, புத்தகம், மண்பாண்டம் எதுவானாலும் சரி. சமையல் வேண்டாம், எண்ணெய்ப் புகை கூரை மரத்தில் படிந்தால் போகாது. காபிக் கடை வைக்கிறேன் என்று நிறையப் பேர் வருவார்கள். பின்கட்டுப் பழைய அடுப்படியில் மட்டும் சமைப்பதாக ஒப்புக்கொண்டால் யோசிக்கலாம்.

முற்றமும் அதைச் சுற்றிய கூடமும் பாட்டு, பரதம், யோகா வகுப்புக்கு ஏற்ற இடம். மாலை இரண்டு மூன்று மணி நேரம்தான் தேவைப்படும். வாடகை பெரிதாக வராது. ஆனால் பத்துப் பிள்ளைகள் வாரம் முழுக்க வந்து போகும் வீட்டில் கரையான் புற்று ஒளிந்து வளர முடியாது. கூட நிற்கும் அம்மாக்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

உங்கள் வருமானம் மாடியிலிருந்துதான் வரும். உயர்ந்த கூரை, இரண்டு பக்கக் காற்று, மரச் சட்டமிட்ட ஜன்னல்கள் வழியாக வரும் அளவான வெளிச்சம். கட்டடக்கலை அலுவலகம், மொழிபெயர்ப்பாளர்கள், பதிப்பகம், ஆய்வு அமைப்பு, வடிவமைப்பு ஸ்டூடியோ போன்றவர்களுக்கு புதுச்சேரியில் இப்படி ஓர் இடம் கிடைப்பது கஷ்டம். முழு மாடியையும் ஒரே நிறுவனத்துக்குக் கொடுங்கள். எட்டுப் பத்துப் பேருக்கு இரண்டு கழிப்பறை போதும், அதையும் மாடி அறைகளுக்குள் வைக்காமல் பின்கட்டில் வைக்கலாம். இப்போது இடிந்து கிடக்கும் பழைய குளியலறைப் பக்கம் புதிதாகச் செங்கல் தூண் எழுப்பி, தனி அஸ்திவாரத்தில் இரண்டு தளத்துக்கும் கழிப்பறை கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் அதன் தலையிலேயே உட்காரட்டும். பழைய வீட்டின் சுவரில் ஒரு குழாய்கூடப் போகக் கூடாது. புதுக் கட்டடத்துக்கும் பழைய சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் இரண்டும் தனித்தனியாகக் காயும், கசிந்தாலும் கண்ணில் படும்.

பின்கட்டில் கிணற்றடிப் பக்கத்து இரண்டு அறையை உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் மாதம் ஒருமுறையாவது தங்கும் வீட்டைக் குத்தகைக்காரரும் ஒழுங்காக வைத்திருப்பார். பிற்காலத்தில் நீங்கள் புதுச்சேரிக்கே குடிவந்தால், அந்த இரண்டு அறையில் விருந்தினரைத் தங்க வைக்கலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் ஆறு அறை வரை அனுமதிக்கிறது, ஆனால் உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும். விழுப்புரத்தில் இருந்துகொண்டு அந்தத் திட்டத்தில் சேர முடியாது.

சினிமா ஷூட்டிங் கேட்டும் வருவார்கள், அந்தத் தெருவே அப்படி. முதல் வருடம் கைக்குப் பணம் வர அது நல்ல வழிதான். கீழ்த்தளமும் முகப்பும் மட்டும் கொடுங்கள், மாடிக்கு ஆளேறக் கூடாது. ஜெனரேட்டர் தெருவில் நிற்க வேண்டும். ஆணி, பெயின்ட் இரண்டும் கூடாது என்று எழுதி வாங்கி, முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் போன மறுநாள் சுற்றிப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுங்கள். சுவருக்கு ஒரே நாளில் மஞ்சள் டிஸ்டெம்பர் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். சுண்ணாம்புச் சுவரிலிருந்து அதை எடுப்பது பெரும்பாடு.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதில் கண்டிப்பாக இருங்கள். கூரை, உத்திரம், மழைநீர் வழி முதலில். அடுத்து மின்சாரம். பழைய வயரிங் எல்லாம் கழற்றி, சுவரை வெட்டாமல் மேலோடு போகும் குழாயில் புதிதாக இழுக்க வேண்டும். அப்புறம் சுவர்ப் பூச்சு. கதவு ஜன்னல் அதற்குப் பின்னால். வண்ணம் கடைசி. பலரும் வண்ணத்தில் தொடங்கி, கூரைக்கு வரும்போது கையில் காசில்லாமல் நிற்கிறார்கள். தரையில் இருக்கும் சிவப்பு ஆக்சைடு தளத்தை மெழுகு போட்டுத் தேய்த்தாலே போதும், அதன் மேல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். வீடு திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் பழைய மரச்சாமான் வியாபாரிகள் வாசலில் நிற்பார்கள். தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் கண்ணைப் பறிக்கும் விலை சொல்வார்கள். அந்தப் பணத்துக்குப் புதுக் கதவுகூட வராது.

மாடிக் குத்தகைக்காரரிடமிருந்தே கூரைச் செலவில் ஒரு பகுதியை எடுக்கலாம். வேலையை அவர் முன்பணத்தில் செய்யுங்கள், அதை மாத வாடகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளட்டும். அதற்கு அவருக்கு ஐந்து வருடமாவது உறுதி வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு யாரும் அப்படிப் பணம் போட மாட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள். ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் தனித்தனி வரியாக இருக்கட்டும்: சுவரிலோ கூரையிலோ துளை போட எழுத்துமூலம் அனுமதி, சிமென்ட் பூச்சுக்குத் தடை, வருடா வருடம் புரட்டாசிக்குள் மொட்டைமாடித் துவாரம் சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்பது. மூன்றாவதை எழுதாமல் விட்டால் அவர் நீங்கள் செய்வீர்கள் என்று இருப்பார், நீங்கள் அவர் செய்வார் என்று இருப்பீர்கள்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. உங்கள் வீடு அரசின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் என்ன தரம் என்று புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தில் கேளுங்கள். பட்டியலில் இருந்தால் இடிப்பதற்கும் முகப்பை மாற்றுவதற்கும் பாரம்பரியக் குழுவின் ஆலோசனை தேவைப்படும். அந்த ஒரு விசாரணையே பில்டரின் பேச்சைக் குறைத்துவிடும். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரி அலுவலகத்துக்கும் போங்கள். வைசியாள் வீதி வீடுகளின் முகப்புகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு மீட்டெடுத்ததில் அவர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று சொன்னால் முகம் சுளிக்காத கொத்தனார் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த வேலையில் அது பெரிய சொத்து. வீட்டின் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், தாத்தாவின் பெட்டியில் நோத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் பிரெஞ்சு அதிகாரி) எழுதிய பிரெஞ்சுப் பத்திரம் இருக்கிறதா என்று தேடுங்கள். வாங்கிய நாள், எல்லை, சில சமயம் அறைகள் வரை அதில் எழுதியிருப்பார்கள்.

இனி அண்ணன். மூன்று பேரின் கையெழுத்தும் இல்லாமல் எந்த உருப்படியான குத்தகைக்காரரும் வர மாட்டார். உங்கள் முன்னோர் பிரெஞ்சு ஆட்சியில் ரெனோன்சான் ஆக, அதாவது தங்கள் மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களாகப் பதிந்தவர்கள் என்றால், உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் வாரிசுச் சட்டமே வேறாக இருக்கலாம். விழுப்புரத்து வக்கீல் போதாது, புதுச்சேரியில் இதைப் பழகிய ஒருவரைப் பாருங்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுத்தில் வைத்துவிட்டு, குத்தகை பேசும் அதிகாரத்தை உங்களுக்குத் தரும் பவர் பத்திரத்தை அண்ணன் பிரான்சில் இருக்கும் இந்தியத் தூதரகம் வழியாக அனுப்பலாம்.

சீக்கிரம் முடிவெடு என்று அவர் சொல்வதை விற்றுவிடு என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு வருடமாக வரியும் காவலாளி சம்பளமும் வெறுமனே போவதைத்தான் அவர் பார்க்கிறார். அவரிடம் பேசும்போது வீட்டின் அருமையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், அவருக்கும் அது தெரியும். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். பில்டர் தருவதாகச் சொல்லும் பங்கு, ஹோட்டல்காரர் சொன்ன குத்தகை, நான் சொன்னபடி கடை, வகுப்பு, மாடி மூன்றின் வாடகை. மூன்றிலும் முதல் ஐந்து வருடத்தின் வரவு செலவை எழுதுங்கள். மூன்றாவது பத்தியில் கூரைச் செலவை மறைக்காமல் முதல் வரியிலேயே போடுங்கள். மாடிக்கு என்ன வாடகை வரும் என்று பக்கத்துத் தெருவில் இரண்டு மூன்று அலுவலகத்தில் கேட்டு, அதில் குறைந்த தொகையையே எழுதுங்கள். அதை அவருக்கு அனுப்பிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வீடியோ காலில் உட்காருங்கள். தங்கையையும் முன்கூட்டியே அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.